வரலாம், வராமலும் போகலாம்

கவுண்டர் கண்ணாடிக்குப் பின்னால்
சம்ரி உதட்டைப் பிதுக்கினார்.
செரெண்டா பக்கம் யாரோ
செம்புக் கம்பியை அறுத்துக்கொண்டு போய்விட்டார்களாம்.
ரயில் வரலாம்,
வராமலும் போகலாம்.
அதற்கு மேல் கோலாலம்பூரைக் கேளுங்கள் என்றார்.
கோலாலம்பூர் போனை எடுக்கவில்லை.

ஆட்டம் இரவு ஒன்பதுக்கு.
இப்போது நாலரை.
கையில் மூன்று டிக்கெட்,
எடை மேடையில் ஓவர்டைம் பார்த்து
லோரி லோரியாய்ச் செம்பனைக் குலை நிறுத்து
நான் வாங்கியவை.
ஒன்று எனக்கு.
ஒன்று புஸ்பநாதனுக்கு.
விடியலிலிருந்து அண்ணாந்து குலை வெட்டியதில்
கழுத்தைத் திருப்ப முடியாமல் வந்திருந்தான்.
இன்னொன்று ஹஸ்ரிக்கு,
பாய்லர் பக்கத்தில் இருபது வருடம் நின்று
ரகசியத்தைக்கூடக் கத்தியே சொல்கிறவர்.

"ஊர்ப் பேரு ராசா.
ஒரு ரயிலை வான்னு சொல்ல
இங்க ஒருத்தனுக்கும் அதிகாரம் இல்ல"
என்றான் புஸ்பநாதன்.
ஹஸ்ரிக்கு அதை மலாயில் சொல்லப் பார்த்தேன்.
அவர் மொழியில் ராசா என்றால் ருசி.
சிரிப்பு பாதி வழியிலேயே
ஏதோ ஒரு ஸ்டேசனில் இறங்கிவிட்டது.

ஐந்து. ஐந்தரை.
தண்டவாளம் அன்றைய வெயிலையெல்லாம் வாங்கிப் போட்டுக்கொண்டு
யாருக்கும் திருப்பித் தராமல் கிடந்தது.
எதிர் மேடையில் ஒரு நாய்
வடக்கே பார்த்தபோதெல்லாம்
நாங்களும் வடக்கே பார்த்தோம்.
பிறகு அது படுத்துக்கொண்டது.

லோகாக்காவுக்கு அடித்தது நான்தான்.
பள்ளி வேன் ஓட்டுகிறவர்.
பந்தாட்டம் என்றால் பிடிக்காது,
ஆனால் வேனுக்குப் போன மாதத் தவணை பாக்கி.
டியூஷன் பிள்ளைகளை இறக்கிவிட்டு
ஏழரைக்கு வந்து நின்றார்.
"பெட்ரோல், டோல் எல்லாம் நீங்க.
சீட்ல காலத் தூக்கி வைக்கக் கூடாது."

எங்கே தூக்கி வைப்பது?
ஏழு வயதுக்கு அளந்த சீட்டு.
முழங்கால் தாடையில் இடித்தது.
முன் சீட்டின் முதுகில்
'கவினேஷ் ஒரு குண்டு' என்று பென்சில் எழுத்து.
அதற்குக் கீழே, வேறு கையெழுத்தில், 'நீதான்'.
யாரோ மறந்துபோன தண்ணீர்ப் போத்தல்
வளைவுக்கு வளைவு உருண்டு
ஹஸ்ரியின் காலையே தேடி வந்தது.

பத்தாங் காலி தாண்டியதும் மழை.
ரவாங்குக்கு முன்னால்
சாலை முழுக்கச் சிவப்பு விளக்கு.
நாங்கள் நின்றோம்.
நின்றுகொண்டே இருந்தோம்.

அப்போதுதான்
வலப்பக்கம், செம்பனை வரிசைக்கு அப்பால்,
ரயில் போனது.
பெட்டி பெட்டியாய் வெளிச்சம்.
உள்ளே ஒரு தலைகூட இல்லை.
அவ்வளவு சீட்டையும்
எங்கேயோ பத்திரமாய்க் கொண்டுபோய்ச் சேர்ப்பதுபோல
நிதானமாய்ப் போனது.

யாரும் பேசவில்லை.
ஹஸ்ரிகூட.
லோகாக்காதான் வைப்பரைக் கூட்டி வைத்தார்:
"நல்லவேளை. அதுல போயிருந்தா
என் தவணைய யாரு கட்டுறது?"

எழுபத்து மூன்றாம் நிமிடம்.
டிக்கெட் கிழிப்பவரின் நாற்காலி காலி.
மூன்றையும் நீட்டிக்கொண்டே உள்ளே போனோம்,
கல்யாண வீட்டில் மொய்க்கவரைக்
கொடுக்க ஆளில்லாமல் நிற்பவர்கள் மாதிரி.
கழிவறை தேடி
டிக்கெட் இல்லாத லோகாக்காவும் வந்தார்.

நாங்கள் படியேறியது தப்பான பக்கம்.
மேலே சுவர். திரும்பினோம்.
பாதிப் படியில் இருக்கும்போது
கட்டடம் நடுங்கியது.
எண்பதாயிரம் தொண்டை.
ஓடினோம்.
எட்டிப் பார்க்கையில்
நடு வட்டத்தில் பந்தை வைத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த ஒரே கோல்.
எங்கள் நால்வரில் பார்த்தது
கீழ் வாசலில் ஈரக் கையை உதறிக்கொண்டு நின்ற
லோகாக்கா மட்டும்.

திரும்பும் வழியெல்லாம் கேட்டோம்.
"ஒல்லியா ஒரு பையன்.
தடுக்கி விழுறான்னு நெனச்சேன்.
பாத்தா பந்து உள்ள."
எந்தக் காலால் அடித்தான்?
"அதையெல்லாம் யாரு பாத்தா?"
செரெண்டாவில் மறுபடி கேட்டபோது
இடது கால் என்றார்.
பத்தாங் காலியில் இரண்டு பேரை ஏமாற்றிவிட்டு அடித்தான்.

ராசா ஸ்டேசனில் ஒற்றை விளக்கு.
கவுண்டர் மூடியிருந்தது.
எஞ்சினை அணைத்துவிட்டு
எங்கள் பக்கம் திரும்பி உட்கார்ந்து,
யாரும் கேட்காமலே,
நாலாவது முறை சொன்னார்.
இந்த முறை பந்து
இன்னும் கொஞ்சம் தூரத்திலிருந்து வந்தது.