அணையும் நேரம்

லிம்ஃபியோர்டு. ஆகஸ்ட். பதினோராம் நாளாகக் காற்றில்லை.
கொடிமரத்துக் கயிறுகூடத் தட்டவில்லை.
டோர்கில்டின் படகில் சிப்பி வாரும் இரும்பு வலை
காய்ந்து கிடக்கிறது.
அவன் தண்ணீரைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்க்கிறான்.

என் கையில் கம்பி. நுனியில்
சுண்டுவிரல் நகமளவு சாயம்.
நீல ஒளியால் தொட்டால் சிவக்கும்.
ஆக்சிஜன் அருகில் வந்து அணைத்தால்
அணைந்துவிடும்.
ஒரே சொல்தான், இரண்டு வேலையும் செய்கிறது.

எவ்வளவு சீக்கிரம் அணைகிறது என்பதே கணக்கு.
நீங்கள் ஒருமுறை இமைப்பதற்குள்
சில ஆயிரம் முறை
அது சிவந்து அணைந்திருக்கும்.

ஒரு மீட்டர்: எட்டு மில்லிகிராம். சட்டென அணைகிறது.
மூன்று: அதேதான்.
ஐந்தில் ஏழு.
ஆறரையில் என் கை நின்றது, கம்பி இறங்கியது.
எட்டில் சிவப்பு தயங்குகிறது,
விருந்தினர் போன பின்
யாரும் அணைக்காத கூடத்து விளக்காய்.
ஒன்பதில் பூஜ்யம்.
அங்கேதான் அது மிக அழகாக எரிகிறது.

முதல் வருடம் டோர்கில்ட் கேட்டான்:
"வெளிச்சம் கூடினால் நல்லதுதானே?"
இல்லை என்றேன்.
அதன்பின் அவன் வெளிச்சத்தைப் பற்றிக் கேட்டதில்லை.

நேற்று கரையோரம் முழங்கால் தண்ணீரில்
பிள்ளைகள் வெறுங்கையால் நண்டு பிடித்தார்கள்,
விலாங்குகள் கால்களுக்கிடையே வந்து நின்றன.
அம்மாக்கள் படம் எடுத்தார்கள்.
எவ்வளவு மீன் பாரேன், என்றாள் ஒருத்தி.
நான் வாயைத் திறக்கவில்லை. வெயில் நன்றாக இருந்தது.

அடியில் வெண்படலம் விரிந்திருக்கும்.
பிணப்போர்வை என்பார்கள் இங்கே.
கந்தகம் தின்னும் நுண்ணுயிர்கள்
சிப்பிகளின் மேல் சாற்றிய கோடித்துணி.

"எவ்வளவு?"
சொன்னேன்.
டோர்கில்ட் காப்பியை மூடியில் ஊற்றி என்னிடம் நீட்டினான்.
விரலை நக்கி மேலே தூக்கிப் பிடித்தான்,
நெடுநேரம்,
வகுப்பில் பதில் தெரிந்த பையனைப் போல.

கம்பியை ராத்திரிக்கு அங்கேயே விட்டுவிட்டேன்.
பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நீலம் கேட்கும்.
சிவப்பு தன் முழு ஆயுளும் எரிந்து
அணைக்க ஆளின்றித் தானே தீரும்.
கொட்டகையில் திரை பூஜ்யம், பூஜ்யம் என்று
அடுக்கிக்கொண்டிருக்கிறது.

மூன்று நாற்பதுக்கு
கொடிமரத்துக் கயிறு ஒருமுறை தட்டியது.
எழுந்து உட்கார்ந்தேன்.
பக்கத்துப் படகிலும் யாரோ எழும் சத்தம்.