ஒன்பது கிலோ

தண்ணீர்த் தொட்டி மோட்டார்
மூன்றாவது முறையும் திருடுபோனதும்
கூண்டு அடிக்கலாம் என்றான் லோகன்.
கூண்டு என்றால் உள்ளே ஏதோ இருக்கிறதென்று
சாட்ஸ்வர்த் முழுக்கத் தெரிந்துவிடும்.
பாறையை யார் திரும்பிப் பார்ப்பார்கள்?

புது ஃபிரிட்ஜோடு வந்த தெர்மோகோல்,
கிழிந்த கோழிவலை,
சிமெண்ட் ஒரு பங்கு, மணல் இரண்டு,
தேங்காய் நார்த்தூள் கண் பார்த்து.
வடைமாவுப் பதத்துக்குப் பிசைந்தேன்.
கையுறை போடாததில்
இரண்டாம் நாள் விரல்நுனி வெடித்தது.

கசக்கிய பிளாஸ்டிக் பையை
ஈரத்தில் ஒற்றி எடுத்தால்
ஆயிரம் வருஷச் சுருக்கம்.
மோர் பூசினால் பாசி பிடிக்குமாம்; பூசினேன்.
முதலில் பிடித்தது எறும்பு.
பிறகுதான் பாசி.

ஒரு குரங்கு வந்து அதன்மேல் உட்கார்ந்து
பக்கத்து வீட்டு மாங்காயைத் தின்றது.
இதைவிடச் சான்றிதழ் வேண்டுமா?
லோகன் கால்விரலை இடித்துக்கொண்டு
அவ்வளவாக வலிக்கவில்லையே என்று
ஏமாந்து நின்றான்.

ஆகஸ்ட்டில் ஒரு மின்வெட்டு இரவு.
விடிந்தபோது வேலிக்கம்பி அறுந்திருந்தது.
மோட்டார் அப்படியே இருந்தது,
துணி உருவப்பட்டதுபோல் கூசிக்கொண்டு.
பாறையைக் காணோம்.

ஸ்டேஷனில் எழுதுகிறவர் இரண்டுமுறை கேட்டார்.
"என்ன தொலைந்தது, மேடம்?"
"பாறை."
"எடை?"
"ஒன்பது கிலோ."
பேனாவை மூடிவிட்டார்.

மூன்று மாதம் கழித்து, கிராஸ்மூரில்
கல்யாண வீட்டைத் தேடி வழி தவறியபோது
ஒரு வாசலில், இரண்டு கற்றாழைக்கு நடுவே
பார்த்துவிட்டேன்.
இடப்பக்கம் நான் சரியாக இழுக்காத மடிப்பு.
அடியில் வலைக்கம்பி நீட்டிய மூலை.
எனக்குத் தெரியாதா.

குழாயும் கையுமாக நின்ற படையாச்சி அம்மா
நான் பார்ப்பதைப் பார்த்தார்.
"டிராக்கன்ஸ்பெர்க்கிலிருந்து மகன் கொண்டுவந்தான்.
நாலு பேர் சேர்ந்து தூக்கினார்களாம்."

நாக்குநுனி வரை வந்தது.
அவர் கை பாறைமேல் இருந்தது,
காய்ச்சல் தொட்டுப் பார்ப்பதுபோல.

"நல்ல கல்" என்றேன்.
"இந்த வெயிலில் பாசி காய்ந்துவிடும்.
வாரம் ஒருதரம் மோர் தெளியுங்கள்."
"கல்லுக்கா மோர்?"
சிரித்தார். நானும்.

இன்று மறுபடி பிசைகிறேன்.
இந்தமுறை மணல் மூன்று பங்கு.
வலைக்குள்ளே,
தேஷ்னி ஒரே வாரம் தூக்கிவிட்டுக் கைவிட்ட
ஜிம் எடைத்தட்டுகள் ஆறு.

மோட்டார் பழுதானால்
இதை யார் தூக்குவது என்கிறான் லோகன்.

நாலு பேர் என்றேன்.