மீதி

பாபநாசம் வண்டியில் பதினாலு வருசம்.
டிக்கெட்டின் முதுகில் மீதியை எழுதி
'எறங்கும்போது கேளுங்க' என்று
யார் யாருக்கோ பொறுமையாகச் சொன்னவன்தான்.

வீட்டுக்கு வந்தால் ஏழும் ஐந்தும்.
ஆவுடை விரல் மடக்குவாள்.
மடக்கினது எது, நீட்டினது எது,
விரலுக்கே தெரியாமல் போகும்.
பன்னிரண்டு எழுதச் சொன்னால்
இருபத்தொன்று திரும்பிப் படுத்திருக்கும்.
"ஏட்டி, இப்பம்தானே சொன்னேன்."
ஒருநாள் நோட்டை எறிந்தேன்.
அது அரிசிப் போணிக்குள் விழுந்தது.
எடுத்து, ஒட்டிய அரிசியைத் தட்டிவிட்டு
என்னிடமே நீட்டினாள்.

பாளையங்கோட்டையில் டாக்டர் ஒரு பெயர் சொன்னார்.
பெயர் எனக்கு வாயில் நிற்கவில்லை.
"சோம்பல் இல்ல" என்றது மட்டும் நின்றது.

திரும்பும் வழியில் சும்மா கேட்டேன்,
பேட்டைக்கு அடுத்து?
சுத்தமல்லி விலக்கு, பத்தமடை, சேரன்மாதேவி,
வீரவநல்லூர், கல்லிடை, அம்பை
மூச்சு விடாமல்.

அன்று ராத்திரி சிமெண்டுத் தரையில்
சாக்பீஸால் ரோடு போட்டேன்.
பேட்டையில் ஏறி மூணு ஸ்டாப் போ.
சேரன்மாதேவியில் நின்றாள்.
கழித்தலுக்குத் திரும்புகால் வண்டி.
விடிந்து வீடு துடைத்ததும்
ரோடும் போச்சு, கூட்டலும் போச்சு.
மறுபடி போட்டேன். மறுபடி போச்சு.

ஒரு வாரம் பார்த்துவிட்டு பிரமநாயகி
கோலமாவில் தானே போட்டாள்,
நான் விட்ட காருகுறிச்சியையும் சேர்த்து.
ஆவுடை நடந்தாள். நின்றாள்.
"யப்பா, அம்ப ஒண்ணு தள்ளிப் போயிட்டு."
நாங்கள் ரெண்டு பேரும்
அடுப்பில் பால் பொங்கினதைப் பார்க்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் ஜெசிந்தா டீச்சர்
நாற்பது கணக்கில் பத்துப் போதும் என்றார்,
வாய்ப்பாட்டைப் பார்த்தே எழுதட்டும் என்றார்.
வாய் சும்மா இருக்குமா எனக்கு,
"மீதி முப்பது?"
"அது எம்பாடு சார்."

ஏழும் ஐந்தும் இன்னும் சில நாள் பதிமூன்றுதான்.
கடிகாரம் இன்னும் வெறும் வட்டம்.

போன சனிக்கிழமை அம்பை ஸ்டாண்டில்
இருபது ரூபாய் கொடுத்து வடை வாங்க அனுப்பினேன்.
வந்து, உள்ளங்கையை விரித்து
வெகுநேரம் பார்த்தாள்.
"எவ்வளவுன்னு தெரியல.
ஆனா கொறையுது."

ரெண்டு ரூபாய். நான் சொல்லவில்லை.
கடைக்குத் திரும்பி நடக்கிறாள்,
பொட்டலத்தில் எண்ணெய் ஊறி ஊறி.
டிரைவர் ஹாரன் அடிக்கிறார்.
விசில் என் வாயில்தான் இருக்கிறது.