மூன்றாம் கேள்வி

முத்தையன்கட்டு முன்பள்ளியில்
பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகுதான் எங்களுக்கு இடம்.
கதிரைகள் முழங்கால் உயரம்.
குந்தினால் யாருக்கும் நாடி முழங்காலில் முட்டும்,
கிராம சேவகர் வந்தாலும் அப்படித்தான்.

ஒருவரும் கிளினிக் என்று சொல்வதில்லை.
விசர்க் கிளினிக் என்று பேர் விழுந்தால்
வீட்டில் இருக்கிற பெட்டைக்குக் கலியாணம் பேச வரமாட்டினம்.
"புதனுக்குப் போறன்" என்பார்கள்,
சந்தைக்குப் போறன் என்கிற மாதிரி.

என்னிடம் ஒரு படிவம். ஒன்பது கேள்வி.
கடந்த இரண்டு கிழமையில் எத்தனை நாள்
என்றுதான் ஒவ்வொன்றும் தொடங்கும்.
நிரப்பிய படிவத்தின் கணக்குக்குத்தான் பெற்றோல் காசு.
சொல்லக்கூடாது. சொல்லிவிட்டேன்.

மூன்றாவது:
நித்திரை வராமல் இருந்ததா?

இளையதம்பி சிரித்தார்.
பேர்தான் இளையதம்பி, வயது எழுபத்தொன்று.
"பிள்ளை, யானை வருகுது.
கதிர் பால் பிடிக்கிற நேரம்
நித்திரை வந்தாத்தானே வருத்தம்?"
நான் எந்தப் பெட்டியிலும் புள்ளடி போடவில்லை.

ஆனால் யானை வெடி கொளுத்த அவர் விடமாட்டார்.
பக்கத்து வயலில் ஒன்று வெடித்தாலும்
பரணுக்குக் கீழே இறங்கி
காதைப் பொத்திக்கொண்டு ஒரு பேரைக் கூப்பிடுவார்.
யாருடைய பேர் என்று ஊரில் ஒருவரும் கேட்டதில்லை.
படிவத்திலும் அதற்கு இடமில்லை.

வாசலோரக் கதிரையில் கஜீபன். இருபது வயது.
ஏஜென்சிக்காரன் தின்ற காசுக்கு
தாய் இன்னும் கிழமைக் கடன் கட்டுகிறாள்.
அவள்தான் தள்ளிக்கொண்டு வந்து விட்டாள்.
எல்லாக் கேள்விக்கும் "இல்லை."
மூன்றாவதுக்கு மட்டும்,
"நாலு மணி ஆகும். போன் பார்ப்பன்."
என்ன பார்ப்பாய்?
"ஒண்டுமில்லை. மேல தள்ளிக்கொண்டே இருப்பன்."

அன்றைக்கு இராசமலர் வெடித்துவிட்டாள்.
"உங்கட பயத்தால என்ர வயல் போச்சு ஐயா!
வெடி இல்லாத பக்கத்தாலதானே அது இறங்குது!"
வவுனியாவில் ஐந்து நாள் பயிற்சி எடுத்தவள் நான்.
மௌனத்தை மதிக்கவும் என்று கையேட்டில் இருக்கிறது.
சத்தத்தை என்ன செய்வது என்று இல்லை.

கஜீபன் தலை நிமிராமல் சொன்னான்:
"வெடி ஏன்? தகரமும் டோர்ச்சும் காணும்."
"ஆர் விடிய விடிய முழிச்சிருந்து தட்டுறது?"
"நான் முழிச்சுத்தானே இருக்கிறன்."

பிறகு மூன்று புதன் இருவரும் வரவில்லை.
நாலாவது புதன் இருவரும் வந்தார்கள், தனித்தனியாக.
என்ன கதைத்தீர்கள்?
"கதைக்கேல்ல," என்றான் அவன். "அவர் குறட்டை."
"போனில ஒரு சீனாக்காரன் மீன் வெட்டுறான் பிள்ளை,
அவ்வளவு வடிவு," என்றார் அவர்.

ஒருவன் முழித்திருக்கிறான் என்று தெரிந்தபின்
மற்றவருக்கு இரண்டு மணித்தியாலம் கண் அயர்கிறது.
அவனோ காலை ஆறுக்குப் படுத்து மத்தியானம் எழும்புகிறான்.
படிவக் கணக்கில் இது முன்னேற்றமில்லை
என்று மேலிடத்தில் சிவப்பால் வட்டம் போட்டார்கள்.
மாங்குளம் ஆசுப்பத்திரியில் அவனுக்கு வாங்கிய முதல் திகதிக்கு
அவன் போகவில்லை.
இரண்டாம் திகதி இன்னும் வரவில்லை.
இராசமலரின் வாழையில் பாதியை
யானை எப்படியும் தின்றுவிட்டது.

ஆனால் இதைச் சொல்ல வேண்டும்.
ஒரு இரவு நானும் அந்தப் பரணுக்குப் போனேன்.
காட்டோரம் கொப்பு முறிகிற சத்தம்.
இளையதம்பியின் கை நடுங்கத் தொடங்கியது.
அவன் தடியை ஓங்கி, நிறுத்தி,
"ஐயா, தட்டப்போறன்" என்றான்.
தட்டினான்.
திரும்பவும் நிறுத்தி,
"ஐயா, தட்டப்போறன்."
ஒவ்வொரு அடிக்கும் முன்னால், பிழையாமல்,
அந்தக் கரிய உருவம் குளத்துப் பக்கம் திரும்பும் மட்டும்.
இளையதம்பி பரணை விட்டு இறங்கவில்லை.

இப்போது புதன்கிழமைகளில்
படிவத்தைத் திறக்க முதல் சொல்கிறேன்:
"கேட்கப்போறன்."
இளையதம்பி உடனே காதைப் பொத்துகிறார்,
பகிடிக்கு.