பதினோரு விநாடி

கையெழுத்து வாங்குவது என் வேலை.
கார்டிஃப், மூன்றாம் மாடி,
ஜன்னல் இல்லாத அறை.
பழைய பாட்டு நிகழ்ச்சியை மறுபடி காட்டப்
பாடியவரைக் கேட்க வேண்டியதில்லை,
சங்கம் பார்த்துக்கொள்ளும்.
கூட்டத்தில் ஆடியவர்களை யாரும் கேட்டதே இல்லை.
தொகுத்தவர் மட்டும் சம்மதிக்க வேண்டும்,
வாரத்துக்கு முப்பத்தொரு பவுண்டுக்கு.

வெள்ளி இரவு ஏழரைக்கு வந்ததால்
நிகழ்ச்சிக்குப் பெயரே ஏழரை.
பிடித்தால் விடாது.

எல்லோரும் போட்டுவிட்டார்கள்.
ஒருவர் தன் நாயின் படத்தையும் சேர்த்து அனுப்பினார்.
இன்னொருவர் இறந்துபோயிருந்தார்,
காசோலை எப்போது வரும் என்று
மனைவி கேட்டு எழுதினாள்.
எம்ரிஸ் ப்யூ மட்டும்
மூன்று தடவையும் படிவத்தை வெறுமையாகத் திருப்பினார்.
மூன்றாவதில் தேநீர்க் கோப்பையின் வட்டம்.
ஐம்பது பவுண்டு என்று ஏற்றிப் பார்த்தேன்.
வட்டம்கூட இல்லை.

அதனால் எங்கள் எழுபத்தொன்பதில்
பிப்ரவரிக்கு அடுத்து ஏப்ரல்.
ஐந்து வெள்ளிகள் இரும்பு அலமாரியில்.
அதில் ஒன்றில்
மெர்தரிலிருந்து வந்த நான்கு பெண்கள்,
அவர்கள் தொலைக்காட்சியில் வந்த ஒரே நாள்.
டிரம்ஸ் அடித்த நெரிஸ் இப்போது பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள்.
மாதம் ஒருமுறை, சரியாக நான் சாப்பிடும் நேரத்தில்,
தொலைபேசி:
"போட்டாரா?"

ஒருநாள் ரயில் ஏறினேன்.
அவர் ஊரைத் தமிழில் எழுதினால் பாரி.
கொடுத்தே பேர் வாங்கியவன் பேரில் ஓர் ஊர்,
அதில் ஒரு கையெழுத்தைத் தராத மனிதர்.
ராட்டினங்களுக்குப் பின்னால் தாழ்ந்த வீடு.
எழுபத்தெட்டு வயது, இன்னும் அதே குரல்.
பணத்தைப் பற்றிப் பேசவே விடவில்லை.
"மார்ச் ஒன்பது பார்த்திருக்கிறாயா?"
இல்லை என்றேன்.
நிமிடங்களை எண்ணுவேன், பார்ப்பதில்லை.
"பார்த்துவிட்டு வா."

பார்த்தேன்.
அகலக் காலர், கையில் மைக், பதினோரு விநாடி:
"நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்,
இவர்களை இன்னொரு தடவை பார்க்கப்போவதில்லை."
கூட்டம் சிரிக்கிறது.
அவர் தோளுக்குப் பின்னால், மங்கலாக,
குச்சிகளை உயர்த்தியிருந்த ஒரு பெண்
கொஞ்சம் இறக்குகிறாள்.
பிறகு அடிக்கிறாள்.
அப்படி ஓர் அடி.

அந்த நான்கு பேரை
யாரும் மறுபடி கூப்பிடவில்லை.
சொன்னதால் நடந்ததா, நடக்கவிருந்ததைச் சொன்னாரா,
நாற்பத்தைந்து வருடமாக
அந்தக் கணக்கை அவரும் முடிக்கவில்லை.

நெரிஸிடம் சொன்னேன்.
"தெரியும். காது இருக்கிறதே.
பதினோரு விநாடி அவருடையது.
அடுத்த இரண்டு நிமிடம் ஐம்பத்திரண்டு விநாடி யாருடையது?
அதைக் கேள்."

நான்காவது கடிதத்தில் பணம் எழுதவில்லை.
அவள் சொன்னதை எழுதினேன், அப்படியே.

எட்டு நாள் கழித்துப் படிவம் வந்தது.
ஐந்து தேதிகளில் நான்கின் மேல் கோடு.
ஒன்பதுக்கு மட்டும் கையெழுத்து,
கை நடுங்கியிருந்தது.
ஓரத்தில் பென்சிலால்:
நான் பேசுவதை வெட்டக் கூடாது.

சட்டப் பிரிவு முகம் சுளித்தது.
அரைச் சம்மதத்துக்கு எங்களிடம் பெட்டி இல்லை,
டிக் போட.
ஏழரைக்கு இடம் தர முடியாது என்றார்கள்.
ஒன்று நாற்பதுக்குத் தந்தார்கள்,
சமையல் நிகழ்ச்சியின் மறுஒளிபரப்புக்கும்
கொடியும் கீதமும் வரும் நேரத்துக்கும் நடுவில்.

இந்த முறை நான் அழைத்தேன்.
பின்னால் பிள்ளைகளின் இரைச்சல்,
யாரோ யாருடைய தொப்பியையோ பிடுங்கிவிட்டார்கள்.
"ராத்திரி ஒன்று நாற்பதா?" என்றாள்.
"ஆறு மணிக்கு வண்டி எடுக்கணும்."
கதவு மூடும் சத்தம்.
"சரி. அவருக்குச் சொன்னாயா?
முழித்திருக்கச் சொல்."