நாற்பத்திரண்டு கிண்ணங்கள்

நெப்ராஸ்காவில் பிப்ரவரி.
சனிக்கிழமை சாயங்காலம், ஆலயத்தின் பின்னறை.
மெரிலி ஸ்டோல்மன் சாவியை என் கையில் போடுகிறாள்.
வெளியே அவள் லாரி உறுமிக்கொண்டிருக்கிறது,
சியூ சிட்டிக்குப் பன்றி ஏற்றவேண்டுமாம்.
"நாற்பத்திரண்டு கிண்ணம். முக்கால் அளவு போதும்.
சிந்தினால் பச்சைத்தண்ணீரில் துடை,
வெந்நீர் பட்டால் கறை போகாது."

அலமாரியில்
திராட்சைச் சாறு இரண்டு போத்தல்,
விரல்நுனி உயரத்துக்குக் கண்ணாடிக் கிண்ணங்கள்,
அப்புறம் அது.
ரப்பர்க் குமிழ், நீண்ட மூக்கு.
அழுத்தி விட்டால் உறிஞ்சும்,
மறுபடி அழுத்தினால் சொட்டும்.
திருவிருந்துக்கு நிரப்புகிற கருவி, அவ்வளவுதான்.
என் கைக்கு மட்டும் அதை
வேறு பெயரில் தெரியும்.

"மெரிலி, நான் எதற்கு உள்ளே போனேன் தெரியுமா?"
"மருந்து."
"என்ன செய்தேன் என்று தெரியுமா?"
கையுறையைப் பல்லால் இழுத்து மாட்டிக்கொண்டாள்.
"பன்றி காத்திருக்காது, எவரெட்."

போய்விட்டாள்.
ஆகவே கிண்ணங்களிடம் சொல்கிறேன்.

காந்தஹாருக்கு வடக்கே ஒரு முகாம்.
மருந்துப் பெட்டி என் பொறுப்பு.
குப்பியின் மூடி அறியாமல் ஊசி இறக்கத் தெரியும் எனக்கு.
மார்ஃபின் என் தொடைக்குள்,
உப்புநீர் குப்பிக்குள்,
பதிவேட்டில் என் கையெழுத்து.
அழகான கையெழுத்து. பள்ளியில் பரிசு வாங்கியது.

பதினெட்டு நாள் எவனுக்கும் அடிபடவில்லை.
பத்தொன்பதாம் நாள் கார்ப்பரல் ரஸ்க்.
இடது முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லை.
நான்தான் போட்டேன், ஒன்று.
பிறகு இன்னொன்று.
"கேட்கவில்லை டாக்டரே" என்றான்,
மருந்து கேட்காதது தன் குற்றம்போல.
ஹெலிகாப்டர் வர இருபத்தாறு நிமிடம்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள்.
அவன் நினைப்பான்.

லெவன்வொர்த், ராணுவச் சிறை, ஆறு வருடம்.
ஞாயிறு ஆராதனைக்குப் போனது
காபிக்காக. பொய் சொல்வானேன்.
போதகர் பேசியதில் ஒரு வரி தங்கவில்லை.
தங்கியது வேறு:
ஒரு நவம்பர் இரவு எண்ணிக்கையில் ஓர் ஆள் குறைந்தது.
கட்டிலோரம் நின்றோம், மொத்தக் கட்டடமும்,
இரண்டு மணி நேரம்.
உட்காரக் கூடாது. காவலனும் உட்காரவில்லை.
சலவை அறையில், சூடு ஆறாத இயந்திரத்தின் பின்னால்
சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தான் ஒரு பொடியன்.
அவன் கிடைத்த பிறகே விளக்கணைந்தது.

இருட்டில் தோன்றியது:
கடவுள் என்று ஒருவர் இருந்தால்
அவர் பாடும் இதுதான்.
கணக்கு முடியாமல்
கால் கடுக்க நிற்கிறார்.
பாவமாக இருந்தது.
என் விசுவாசத்துக்கு வேர் அது, அந்தப் பரிதாபம்.
இதை யாரிடமும் சாட்சியாகச் சொன்னதில்லை.

வெளியே வந்தபோது
பட்டமில்லை, ஓய்வூதியமில்லை, சீருடையுமில்லை.
தங்கையின் கராஜில் எட்டு மாதம்.
இப்போது ஒரு பால் பண்ணையில்
விடிகாலை மூன்று மணிக்கு இருநூறு மடிகள்.
மாட்டு மருந்து வைக்கிற குளிர்பெட்டியின் பூட்டு எண்
எனக்குத் தெரியாது.
சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்டவன் நானே.

ஓரிகனுக்கு மூன்று கடிதம் எழுதினேன்.
அதே அழகான கையெழுத்தில் எழுதக் கூசி,
இடது கையால்.
பதில் இல்லை. கடிதங்கள் திரும்பியும் வரவில்லை.

சரி.
முதல் கிண்ணத்தை நாக்கில் வைத்துப் பார்த்தேன்.
இனிப்பு.
இரண்டாவதையும் பார்த்தேன்.
மூன்றாவதில் நிறுத்திக்கொண்டேன்,
இப்படியே போனால் சபைக்கு மிஞ்சாது.
அந்த இரண்டையும் கழுவித் துடைத்து
திரும்ப முதலிலிருந்து.
குமிழ் நடுங்கியது, அல்லது நான்.

எங்கள் சபையில் நாற்பத்தொரு பேர்.
ஒன்று எப்படியும் சிந்தும் என்று
மெரிலி கூட்டிச் சொல்லியிருக்கிறாள்.
இன்று சிந்தவில்லை.
அந்த ஒன்றை எங்கே வைப்பதென்று தெரியாமல்
விளக்கை அணைக்காமல்
நின்றுகொண்டிருக்கிறேன்.