கடைசியாக வெயில் பார்த்தது

சத்தர்பூருக்குத் தெற்கே
அடுக்குமாடிக்குத் தோண்டிய குழி.
மேலே செங்கல் தூள், பாலிதீன், யாரோ எறிந்த பல்துலக்கி.
அதற்குக் கீழே நான்கு மீட்டர்
ஒரு கூழாங்கல்கூட இல்லாத மணல்,
சலித்துக் கொட்டியதுபோல.

சலித்தது காற்று.
கனத்ததை ராஜஸ்தானிலேயே விட்டுவிட்டு
தூசியை இன்னும் கிழக்கே அனுப்பிவிட்டு
நடுத்தரத்தைத் தூக்கி வந்து
ஆரவல்லியின் கடைசி முட்டில் மோதி
இறக்கி வைத்துப் போயிருக்கிறது.
காற்றுள்ளபோதே தூற்றிக்கொண்டது காற்றே.

வடக்கே பனி மலையிறங்கிக் கிடந்த காலம்.
பருவமழைக்கு வழி மறந்துபோன காலம்.
அது எப்போது என்று
மணலிடம் கேட்கத்தான் வந்தோம்.

ஆறு இரும்புக் குழாய்கள்.
குழிச் சுவரில் சுத்தியலால் அடித்துச் செருகி
இரண்டு வாயும் அடைத்து
கறுப்புத் துணி சுற்றினோம்.
ஜேசிபி ஓட்டும் ஓம்வீர் இறங்கி வந்து கேட்டான்:
மண்ணுக்கு எதுக்கு மேடம் முக்காடு?

என் அரைகுறை இந்தியில் சொன்னேன்:
ஒவ்வொரு மணலும் ஓர் உண்டியல்.
புதைந்த நாளிலிருந்து
பக்கத்து மண்ணில் இருக்கும் யுரேனியமும் தோரியமும் பொட்டாசியமும்
காசு போட்டுக்கொண்டே இருக்கின்றன.
ஒரு கை வெயில் பட்டால் போதும்,
எல்லாம் செலவாகிவிடும்.

எவ்வளவு இருக்கும், என்றான்.
எண்ணினால்தான் தெரியும், என்றேன்.

எண்ணுவது இரவில்.
சிவப்பு விளக்கு, அணைத்த கைப்பேசி,
குளிர்பெட்டியின் பச்சைப் புள்ளிமேல் கறுப்பு டேப்.
அமிலத்தில் நாற்பது நிமிடம் குளித்துவந்த மணிகளை
சட்டைப் பொத்தான் அளவு தட்டில் ஒட்டி
நீல ஒளியைக் காட்டினால்
பதிலுக்கு அதுவும் கொஞ்சம் ஒளிரும்.
கண்ணுக்குத் தெரியாது, கருவிக்குத் தெரியும்.
முதல் நொடியில் ஓங்கி, பிறகு சரிந்து, பிறகு இல்லை.
ஒருமுறைதான் சொல்லும்.
கேட்டு முடித்ததும் அதற்கே தெரியாது.

ஐந்தாம் குழாய்:
பதினெட்டாயிரத்து அறுநூறு ஆண்டுகள்.
கூடவோ குறையவோ ஆயிரத்து நானூறு.

அந்தக் கூடவோ குறையவோவுக்குள்
லால்கோட், சிரி, துக்ளகாபாத்,
பழைய தில்லி, புது தில்லி எல்லாம் அடங்கிவிடுகின்றன.
முனிர்காவில் நான் இருக்கும் மூன்றாம் மாடியும்.
(வாடகை ஒப்பந்தம் பதினோரு மாதம்.
பிழை வரம்பு வீட்டுக்காரர் மனசு.)

நான்காம் குழாயில் ஒன்றும் இல்லை.
தட்டு மாற்றினேன். மறுபடி ஒன்றும் இல்லை.
இருபத்துநாலு தட்டும் துடைத்துவைத்த பாத்திரம்.

ஓம்வீருக்குப் போன் போட்டேன்.
நீங்க டீ குடிக்கப் போனப்ப
திறந்து பார்த்தேன் மேடம்.
இவ்வளவு பத்திரமா மூடினீங்களே, என்னமோ இருக்குன்னு.
கையில கொட்டி, காயவச்சு, விரலால அளைஞ்சேன்.
மணல்தான் இருந்துச்சு.
ஒண்ணும் எடுக்கலை, சத்தியமா.
அப்படியே திரும்பப் போட்டுட்டேன்.

அறிக்கையில் எழுதினேன்:
நான்காம் மாதிரி, ஒளி புகுந்தது, தள்ளுபடி.
என் குறிப்பேட்டில் எழுதினேன்:
நான்காம் மாதிரி, வயது ஏழு மாதம்,
கூடவோ குறையவோ ஒன்றுமில்லை.
கடைசியாக வெயில் பார்த்த இடம்
புலந்த்ஷஹர் ஓம்வீரின் உள்ளங்கை.

அவனை மட்டும் எப்படிக் குறை சொல்ல?
அன்று மாலை ஆறு குழாய்களையும்
குழந்தைகளைப்போல் மடியில் வைத்து
ஆட்டோவில் திரும்பினேன்.
முன்னால் அதே குழியிலிருந்து கிளம்பிய லாரி.
தார்ப்பாய் போடவில்லை.
மெஹ்ரௌலி சாலை நெடுக
ஐந்தரை மணி வெயிலில்
பதினெட்டாயிரம் ஆண்டு
உதிர்ந்துகொண்டே போனது.
இடையில் புகுந்த பைக்காரர்
ஹெல்மெட்டைத் தூக்கி
ஒரு கண்ணைக் கசக்கிக்கொண்டார்.